கம்பளி யார் கணக்கில்?

"முன்ஜாக்கிரதையா இருந்திருக்கலாமே" என்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் மலைப் பிரதேசத்து ஆஸ்பத்திரிகளில் இழுப்பு முற்றி வந்தவர்களிடம், கால்புண் புரையோடி வந்தவர்களிடம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம் இந்த வார்த்தை சொல்லப்படுகிறது. டாக்டர் சொல்கிறார், நர்ஸ் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். கடைசியில் நோயாளியே தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்த அக்கறைக்குள் ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. குளிர் வரும் என்று உனக்குத் தெரியும், உனக்கு நோய் இருப்பதும் தெரியும், நீ தயாராகவில்லை, ஆகவே குற்றம் உன்னுடையது.

நாள்பட்ட நோயோடு வாழ்கிற ஓர் உடம்பைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது யாருடைய பொறுப்பு? அந்த நோயாளியுடையதா? வீட்டில் இருக்கிற பெண்ணுடையதா? அந்த உடம்பின் உழைப்பை இத்தனை வருஷம் வாங்கிக்கொண்டவர்களுடையதா? மேலோட்டமாகப் பார்த்தால் இது மருத்துவக் கேள்வி. மருத்துவம் இதற்கு நல்ல பதில்களை வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பதில்கள் யாருக்குச் சொல்லப்படுகின்றன, யாரால் கேட்க முடிகிறது என்று பார்க்கத் தொடங்கினால் அறம் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. தலித்துகளாகிய நாம் அதை அப்படித்தான் கேட்டாக வேண்டும்.

முதலில் குளிர் உடம்பை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். குளிர் பட்டதும் தோலை ஒட்டிய ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உள்ளே இருக்கிற சூட்டைக் காப்பாற்ற உடம்பு செய்கிற வேலை இது. குழாய் சுருங்கினால் அழுத்தம் ஏறும். இதயம் கூடுதலாக உதைத்துத் தள்ள வேண்டும். பிரஷர்காரருக்கும் இதய நோயாளிக்கும் அங்கேதான் ஆபத்து. ஆஸ்துமாக்காரருக்குக் குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயை இறுக்குகிறது. குளிருக்குப் பயந்து கதவைச் சாத்தி விறகு மூட்டினால் புகை இறுக்குகிறது. சர்க்கரை நோயில் கால் நரம்பு மரத்துப்போனவருக்குக் குளிரும் தெரியாது, சூடும் தெரியாது. அடுப்போரம் காலை நீட்டிக் குளிர் காய்கிறபோது தோல் வெந்துபோவதை மறுநாள் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். தொழுநோயால் உணர்விழந்த கைகால்களுக்கும் இதே கதிதான். அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவருக்குக் குளிர், அதுவும் குளிர்ந்த தண்ணீர், எலும்பைப் பிடுங்குகிற வலியைக் கிளப்பிவிடும். இந்தியாவில் 1952-ல் அந்த நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

ஆக ஆலோசனைகள் பொய்யில்லை. விடியற்காலைப் பனியில் வெளியே போகாதே. அடுக்கடுக்காய் உடுத்து. காதையும் காலையும் மூடு. புகை அடுப்பிலிருந்து விலகி இரு. கரி மூட்டிய சட்டியை மூடிய அறையில் வைத்துத் தூங்காதே, அது ஆளையே கொல்லும். மாத்திரை தீருமுன் வாங்கி வை. வெந்நீர் குடி. ராத்திரி படுக்குமுன் பாதத்தைப் பார். ஒவ்வொன்றும் உயிர் காக்கிற வார்த்தை.

*

இப்போது நீலகிரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் குளிர் என்பது கவிதையாக இல்லாமல் உடம்பாக இருக்கிற இடங்களில் அது ஒன்று. நவம்பர் கடைசி தொடங்கி பிப்ரவரி வரை பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும். புல்லின் மேல் உப்புத் தூவின மாதிரி கிடக்கும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு அக்கா. அறுபதை நெருங்குகிறவர். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்றில், சின்னப்பிள்ளையாக இங்கே வந்து இறங்கியவர். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. இப்போது சின்னச் சின்னத் தோட்டங்களில் தினக்கூலிக்குக் கொழுந்தெடுக்கிறார். பதினைந்து வருஷமாக இழுப்பு, எட்டு வருஷமாக சுகர். மேலே சொன்ன ஆலோசனைகளை அவர் ஒன்றுவிடாமல் அறிவார். ஒப்பிக்கவே செய்தார்.

"எல்லாம் கரெக்டுதான் தம்பி. பனில போவாதீங்கம்மான்னு டாக்டரு சொல்றாரு. நல்ல மனுசன். ஏழரைக்கு ஜீப்பு வந்து நிக்குது, ஏறலன்னா அன்னிக்கு வேலை இல்ல. வெயில் வந்தப்புறம் வரேன்னு ஜீப்புக்காரன்கிட்ட சொல்ல முடியுமா? வெறகுப் பொக ஆவாதுங்கறாரு. சிலிண்டரு இருக்கு, சோத்துக்கே பாத்துப் பாத்துத்தான் பத்த வைக்கிறோம், குளிர் காயவா பத்த வைக்க முடியும்? சொல்றதக் கேக்குறதுக்கும் ஒரு வீடு வாசல் வேணும்ல தம்பி."

இந்தக் கடைசி வார்த்தையில் ஒரு தத்துவமே இருக்கிறது. முன்னேற்பாடு என்பது குணம் என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. எறும்பைப் பார், கோடையிலேயே சேர்த்து வைக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். சேர்த்து வைக்க எறும்புக்குப் புற்று இருக்கிறது. இன்றைக்கு வந்ததில் இன்றைய பசி போக மிச்சம் இருக்கிறது. முன்னேற்பாட்டுக்கு மிச்சம் வேண்டும். மிச்சப் பணம், மிச்ச நேரம், மிச்ச இடம், ஈரம் படாமல் விறகு அடுக்க ஒரு திண்ணை, கூலி போகாமல் படுக்க ஒரு நாள். இந்த மலையில் ஆனி தொடங்கி ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, அதன் பின்னாலேயே பனி. விறகு காய்வதற்கு வானம் கொடுக்கிற அவகாசமே கொஞ்சம். மிச்சத்தை எடுத்துக்கொண்டவர்கள் மிச்சமில்லாதவர்களைப் பார்த்து "நீ ஏன் தயாராகவில்லை" என்று கேட்கிறார்கள். பறித்துக்கொண்டது அவர்கள். குற்ற உணர்ச்சி மட்டும் நம்முடையதாகிவிடுகிறது.

இந்த அக்காவுக்கே இப்படி என்றால், ஊட்டி, குன்னூர்த் தெருக்களை விடியுமுன் கூட்டுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அருந்ததியர். பனியில் போகாதே என்ற ஆலோசனை அவர்களிடம் வந்து சேரும்போது கேலியாகிவிடுகிறது. ஊர் எழுந்து பார்க்கும்போது தெரு சுத்தமாக இருக்க வேண்டுமே!

அதே ஊட்டியில் இன்னொரு காட்சியும் உண்டு. அரசு தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலம் தொடங்கியதும் மலர்ச் செடிகளை மிலார்ச் செடிகள் கொண்டு மூடி வைப்பார்கள். காலையில் புல்தரை கருகாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். தேயிலை நாற்றுகளையும் இப்படி மூடிக் காப்பது உண்டு. எந்தச் செடி பனி தாங்காது என்று முன்கூட்டியே தெரியும். அதற்கு ஆள் உண்டு, செலவு உண்டு. "நீ ஏன் தயாராகவில்லை" என்று எந்தச் செடியையும் யாரும் கேட்பதில்லை. செடியைக் காப்பதில் எனக்கு வருத்தமில்லை. பனி வருமுன் ஏற்பாடு செய்வது எப்படி என்று இந்தச் சமூகத்துக்குத் தெரியாமல் இல்லை என்பதற்கு அது சாட்சி. மூடுகிற கைகளில் எத்தனை கைகளுக்கு மூட்டுவலி என்ற கணக்குத்தான் எடுக்கப்படவில்லை.

*

கணக்கு என்றால் கம்பளிக்கும் ஒரு கணக்கு உண்டு. மலைத் தோட்டங்களுக்கு நம் சனங்களை ஆள்பிடித்துக் கொண்டுபோன காலத்தில் குளிருக்குக் கம்பளி கொடுத்தார்கள். இனாமாக அல்ல. அரிசி, முன்பணம், கம்பளி எல்லாம் கூலியில் பிடித்தம். மலை ஏறின முதல் நாளே குளிர் கடனாகிவிட்டது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல், 2007-ல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தது. குளிரும் காய்ச்சலும் கடனும் சேர்ந்து ஒரு தலித் தம்பதியை எப்படித் தின்கின்றன என்பதை ஒரு டாக்டர் எழுத வேண்டியிருந்தது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

பிறகு 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை முதலாளி தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என அதில் ஒரு பிரிவு இருந்தது. கம்பளி கடன் புத்தகத்திலிருந்து சட்டப் புத்தகத்துக்கு வந்தது சாதாரண விஷயமில்லை. போராடி வந்தது. ஆனால் அந்தச் சட்டம் 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களுக்கே. சின்னத் தோட்டத்துக் கொழுந்துக்காரிக்கு அது இல்லை. அது 'தொழிலாளி'யை மட்டுமே பார்த்துப் பேசியது. வேலைக்குப் போகிற உடம்புக்குக் கம்பளி. வேலைக்குப் போக முடியாமல் லைன் வீட்டில் இருமிக்கொண்டு கிடக்கிற உடம்புக்குத்தான் கம்பளி அதிகம் வேண்டும், அந்த உடம்பு அளவுகோலுக்குள் வரவில்லை. 2020-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டத்துக்குள் அந்தப் பழைய சட்டமும் கரைந்துவிட்டது. இப்போது தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஆள் மாறியிருக்கிறது. பனி மாறவில்லை.

சட்டம் விட்ட இடத்தில் தானம் வந்து நிற்கிறது. புது வருஷம் பிறந்ததும் கட்சிக்காரர்களும் சங்கங்களும் போர்வை வழங்கும் விழா நடத்துவார்கள். பாதிக் குளிர் போன பிறகு, வரிசையில் நிற்க வைத்து, போட்டோ எடுத்து. கடன்பட்டவன் திருப்பித் தருகிறபோது மாலை போட்டுக்கொள்வதில்லை. கடனைத் தானம் என்று பெயர் மாற்றிவிட்டால் வாங்குகிறவர் கும்பிட வேண்டியதாகிறது. பத்துப் போர்வை கூடக் கிடைத்தாலும் அந்தக் கும்பிடு நமக்கு நஷ்டம்தான்.

*

இதற்கெல்லாம் அடியில் ஒரு பழைய பொய் கிடக்கிறது. 'அவனுக ஒடம்பு தாங்கும்.' உழைக்கிற உடம்பு, பழகின உடம்பு, வெயிலும் பனியும் அதற்கு ஒன்றுதான். இந்தப் பொய்யை இயற்கை என்று சொல்லி நிலைநிறுத்தியவர்கள் அதற்காகத் துணியையே சட்டமாக்கினார்கள். மனு சண்டாளருக்கு விதித்த உடை பிணத்தின் துணி. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது, சட்டை பனியன் போடக்கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது என்பன அவற்றில் சில. ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். போர்த்திக்கொள்வதே மீறலாக இருந்த ஒரு வரலாற்றிலிருந்து வருகிறவர்களிடம் "ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளக் கூடாதா" என்று கேட்பது எவ்வளவு லேசாக இருக்கிறது! தாங்குகிற உடம்பு என்று ஒன்றும் கிடையாது. தாங்க வைக்கப்பட்ட உடம்புதான் உண்டு. தாங்காமல் போனவர்களைக் கணக்கில் எடுக்காததால்தான் மிச்சப்பேர் தாங்குவதாகத் தெரிகிறது.

எவ்வளவு துணி போதும் என்று முடிவு செய்வது யார்? எந்த உடம்பை வைத்து? இதற்குப் பவுத்தத்தில் ஒரு பதில் இருக்கிறது. விநயத்தின் மகாவக்கத்தில் வருகிற செய்தி. பிக்குகள் சிலர் தலையிலும் தோளிலும் இடுப்பிலுமாகத் துணி மூட்டை சுமந்து போவதைப் பார்த்த புத்தர், துணிக்கு ஓர் அளவு வைக்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்தவர் உள்ளே உட்கார்ந்து எழுதிவிடவில்லை. வைசாலியில், பனி கொட்டுகிற கடுங்குளிர் ராத்திரியில், திறந்தவெளியில் ஓர் ஆடையோடு உட்கார்ந்தார். முதல் சாமம் முடிகிறபோது குளிரெடுத்தது. இரண்டாவது ஆடையைப் போர்த்தினார். நடுச்சாமம் முடிகிறபோது மூன்றாவது. விடியப்போகிற நேரத்தில் நான்காவது. அதன் பிறகுதான் விதி வந்தது: மூன்று ஆடைகள், மேல் போர்வை மட்டும் இரட்டைத் துணியில். குளிருக்கு அஞ்சுகிறவர்களும் தாங்கும்படியான அளவு அது என்றே அங்கே காரணம் சொல்லப்படுகிறது.

இதில் இரண்டு அறங்கள் இருக்கின்றன. அளவு வைக்கிறவன் முதலில் பனியில் உட்கார வேண்டும். இது ஒன்று. அளவு வைக்கிறபோது பலசாலியின் உடம்பை வைக்காமல், குளிர் தாங்காதவரின் உடம்பை வைக்க வேண்டும். இது இரண்டாவது. கணப்பு எரிகிற பங்களாவிலிருந்து கம்பளிக்கு அளவு சொன்னவர்களிடம் இந்த இரண்டுமே இல்லை. சுடுகாட்டுத் துணியைப் பிக்குகள் தாமாக எடுத்துத் தைத்து உடுத்தினார்கள். அதையே மனு இன்னொருவன் மேல் தண்டனையாகப் போட்டான். துணி ஒன்றுதான். யார் யாருக்காக முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் அறம் இருக்கிறது.

அதே மகாவக்கத்தில் இன்னொன்று. வயிற்றுப்போக்கில், தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தர் பார்க்கிறார். ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று விசாரித்தால், அவரால் மற்றவர்களுக்கு உபயோகமில்லை, அதனால் கவனிக்கவில்லை என்று தெரிகிறது. புத்தர் தண்ணீர் ஊற்றுகிறார், ஆனந்தர் கழுவுகிறார். நோயாளியைக் கவனிப்பது தன்னையே கவனிப்பதற்குச் சமம் என்கிறார். உபயோகமுள்ள உடம்புக்குக் கம்பளி என்ற நவீன நியாயத்துக்கு எப்போதோ பதில் சொல்லப்பட்டுவிட்டது.

*

இங்கே தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். எல்லாவற்றையும் சமூகத்தின் தலையில் போட்டுவிட்டால் நோயாளி தன் உடம்பைப் பார்க்க வேண்டாமா? பார்க்க வேண்டும். பொறுப்பு வேறு, குற்றச்சாட்டு வேறு. பாதத்தைப் பார்ப்பதும், மாத்திரையை விடாமல் போடுவதும், மூடிய அறையில் கரி மூட்டாமல் இருப்பதும் நம் உயிர்மேல் நமக்கிருக்கிற மரியாதை. 'ஏழைக்கு எது வந்தாலும் ஒண்ணுதான்' என்று விட்டுவிடுவது, 'அவனுக ஒடம்பு தாங்கும்' என்றவனோடு கைகோர்ப்பது.

நம் இயக்கங்களுக்குள்ளும் இந்தக் கோளாறு இருக்கிறது. உடம்பைப் பேணுவது நடுத்தர வர்க்கத்துப் பழக்கம் என்கிற மாதிரி ஒரு வீறாப்பு. சுகர் உள்ள தோழரை உண்ணாவிரதப் பந்தலில் உட்கார வைக்கிறோம். மார்கழி ராத்திரியில் வெறுந்தரையில் கூட்டம் போடுகிறோம். அண்ணல் அம்பேத்கர் அப்படிச் செய்யவில்லை. 1951 ஆகஸ்டில் பிரதமர் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், தன் உடல்நிலை தனக்கும் தன் மருத்துவர்களுக்கும் கவலை தருகிறது, தொடர் சிகிச்சைக்குப் போகுமுன் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை முடிக்க வேண்டும் என்று எழுதினார். நோயை மறைக்கவுமில்லை, அதைக் காட்டி ஒதுங்கவுமில்லை. என் உடம்பின் கணக்கையும் சேர்த்து அரசாங்கத்தின் கால அட்டவணையைப் போடு என்றார். மசோதா கைவிடப்பட்டது, பதவியை விட்டார், அது வேறு கதை. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில், தன் ஆயுள் நீண்டதற்கு மனைவி சவிதாவுக்கும் மருத்துவர் மால்வங்கருக்கும் நன்றி சொன்னார். 1957-ல் நூல் வெளிவந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை.

பராமரிப்பு இப்படித்தான் அச்சிலிருந்து விழுந்துவிடுகிறது. விறகைக் காயவைத்து, வெந்நீர் வைத்து, கிழவருக்குக் காலுறை மாட்டிவிட்டு, தனக்கிருக்கிற ஒரே போர்வையைப் பேரப்பிள்ளைக்குப் போர்த்துகிறவள் பெண். குளிர்காலத் தயாரிப்பு என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி அவள் வேலை. அவளுக்கே இழுப்பு என்றால் அவளுக்கு வெந்நீர் வைப்பது யார்? பொறுப்பைக் குடும்பத்தின் மேல் போடுகிறோம் என்று சொல்கிறபோது அவள் மேல்தான் போடுகிறோம்.

குளிரை உரிமையாகப் பேச முடியாதா? பேசியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1997-ல் முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் தொகை என்று அரசே கொடுக்கத் தொடங்கியது. 2024-ல் அதை வெட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பி 2025-ல் பெரும்பாலானவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. இங்கே 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரை வீடு தேடி வர முடியுமென்றால் கம்பளியும் வர முடியும். பனி எந்த மாதம் விழும், எந்த வீட்டில் யாருக்கு இழுப்பு, யாருக்குக் கால் மரத்துப்போயிருக்கிறது என்பது கிராமச் செவிலியருக்குத் தெரியாத ரகசியமில்லை.

ஆகவே கேட்க வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்போம். மலை மாவட்டங்களில் நாள்பட்ட நோயாளி ஒவ்வொருவருக்கும், அவர் வேலைக்குப் போகிறாரோ இல்லையோ, புரட்டாசி முடியுமுன் நல்ல கம்பளியும் காலுறையும். பனிக்காலம் முழுவதற்கும் தீராத மாத்திரை. நோயாளி இருக்கிற வீட்டுக்குப் புகையில்லாத அடுப்பெரிக்கக் கூடுதல் சிலிண்டர். பனி மாதங்களில் துப்புரவுப் பணியிலும் தோட்டத்திலும் நோயாளிகளுக்கு வெயில் வந்த பிறகு வேலை, கூலிப் பிடித்தமில்லாமல். இந்தப் பட்டியல் போதுமா என்று கலெக்டர் ஆபீசில் கேட்க வேண்டாம். விடியற்காலை ஏழரைக்கு ஜீப் வருகிற இடத்தில் நிற்கிறவர்களிடம் கேட்போம். விட்டுப்போனதை அவர்கள் சொல்வார்கள்.